சன்னாசியின் பெருவிரலும் என் வியாபார விசாவும்

1

பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் எனக்கு வரும் கடிதங்களில் நலம் விசாரிப்பு இரண்டு வரிக்கு மேல் போவதில்லை. மூன்றாவது வரியில் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். "வியாபார விசா எப்படி எடுத்தீங்க? எங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்க." ஹார்ட்வெயர் கடைக்காரர் கேட்கிறார். வெலிமடையில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம் செய்கிறவர் கேட்கிறார். நான் அங்கே இருந்த காலத்தில் என்னைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போய்விடுகிறவர்கூடக் கேட்கிறார். இந்தப் பத்திரிகையின் ஆசிரியரும், வாசகர்களுக்குப் பயன்படும்படி அதையே எழுதுங்களேன் என்றார். சரி, எழுதுகிறேன். கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

வியாபாரிகள் கனடாவுக்கு வர மூன்று வாசல்கள் உண்டு. ஒன்று, தொழில் முனைவோருக்கானது. நீங்கள் ஏற்கனவே சொந்தமாக வியாபாரம் நடத்தியவர் என்று காட்ட வேண்டும். இங்கே வந்து இரண்டு வருடத்துக்குள் ஒரு வியாபாரத்தைத் தொடங்க வேண்டும், அல்லது வாங்க வேண்டும். அதை நீங்களே நின்று நடத்த வேண்டும். உங்கள் குடும்பத்தைச் சேராத இந்த நாட்டு ஆள் ஒருவருக்காவது வேலை கொடுக்க வேண்டும். இரண்டாவது, முதலீட்டாளருக்கானது. அதற்குப் பெரிய பணம் வேண்டும். பணத்தை அவர்கள் சொல்கிற இடத்தில் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். மூன்றாவது, தனக்குத் தானே தொழில் செய்கிறவர்களுக்கானது. ஆஸ்திரேலியாவிலும் இந்த மாதிரி ஏதோ இருக்கிறதாம். நான் அங்கே போனதில்லை, ஆகவே சொல்ல மாட்டேன்.

நாலாவது வாசல் ஒன்றும் இருந்தது. அதற்கு முதல் வேண்டாம், வியாபாரம் வேண்டாம், கொழுந்து பறித்த கை மட்டும் போதும். பதுளை ஸ்டேஷனில் ரயிலேற்றித் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். விரும்பிக் கேட்டவர்களும் போனார்கள், கேட்காதவர்களும் போனார்கள். அதைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் கடிதம் எழுதிக் கேட்பதில்லை.

நான் முதல் வாசலால் வந்தவன். இந்த மாதத்தோடு இரண்டு வருடம் முடிகிறது. அடுத்த மாதம் அதிகாரி ஒருவர் கடையைப் பார்க்க வருவார். திருப்தி என்றால் எங்கள் தலைமேல் இருக்கிற நிபந்தனையை எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் என்ன ஆகும் என்று என் மனைவி விசாலம் தினமும் கேட்கிறாள். எனக்கும் தெரியாது.

2

டொரொன்டோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் அடியில் என் கடை. பதுளையில் புடவைக் கடை வைத்திருந்தவன் இங்கே பாலும் பாண் ரொட்டியும் சிகரெட்டும் லொத்தர் டிக்கட்டும் விற்கிறேன். முதல் ஆறு மாதம் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு சேலைகளை விரித்து வைத்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரர் வந்து ஜன்னல் சீலைக்கு எவ்வளவு என்று கேட்டார். அன்றைக்கே மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

நிபந்தனைக்காக வேலைக்கு எடுத்தது டோரீன் என்ற அம்மையாரை. அறுபதை நெருங்குகிறவர். நாளுக்கு நான்கு முறை பின்கதவால் போய் சிகரெட் பிடித்துவிட்டு வருவார். வந்த புதிதில், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் என் முழங்கால் வலியை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்பது பதிலுக்காக அல்ல என்று என் மகள் நளினிதான் பிறகு சொன்னாள். டோரீன் அதுவரை பொறுமையாகக் கேட்டிருக்கிறார். போன குளிர்காலத்தில் விசாலம் காய்ச்சலில் படுத்தபோது ஒரு பெரிய பாத்திரம் சூப்போடு பஸ் ஏறி வந்தவர். அவர்மேல் கோபப்பட எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

நளினிக்குப் பதினாறு வயது. சின்ன வயதிலிருந்தே இங்கிலீஷில் படித்தவள், தமிழ் எழுத்து அரைகுறை. பதுளையை "உங்க ஊர்" என்கிறாள். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாவற்றையும் அவள்தான் வாசிக்கிறாள், அவள்தான் பதில் எழுதுகிறாள், நான் கையெழுத்து வைக்கிறேன். தமிழ்க் கடிதம் வந்தால் உறையைப் பார்த்துவிட்டு மேசையில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். யார் எழுதியது என்றுகூடக் கேட்பதில்லை.

காலையில் எட்டு மணிக்குக் கடையை நான்தான் திறக்கிறேன். பதுளையில் இருந்த கடைசி இருபது வருடத்தில் நான் கடை திறந்ததே கிடையாது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

3

என் தகப்பனார் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து பதுளைக் கடைவீதியில் புடவைக் கடை போட்டவர். அறுபதுகளின் நடுவில் சன்னாசி எங்களிடம் வேலைக்கு வந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், என்னைவிட ஒரு வயது குறைவு. எல்ல என்கிற ஊருக்குப் போகிற வழியில் உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தவன். முத்து முத்தாக எழுதுவான்.

அவன் வந்த சில மாதத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல், நான் கொழும்பில். கடையை அன்றைக்குச் சன்னாசி திறந்தான். இரண்டு மாதமாக நகராமல் கிடந்த சேலைக் கட்டு ஒன்று மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. அடுத்த நாளும் அவனையே திறக்கச் சொன்னார் அப்பா. வியாபாரம் நடந்தது. "இவன் கை ராசியான கை. இனிமே இவன்தான் தொறக்கணும், இவன்தான் போணி பண்ணணும்" என்று சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து நானும் அப்பாவும் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போம். சன்னாசி பூட்டைத் திறந்து, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு, முதல் துணியைக் கிழித்துக் கொடுத்த பிறகுதான் முதலாளிகள் உள்ளே போவோம். கடைவீதியில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் சிரித்ததில்லை. அவரவர் கடையிலும் இப்படி ஏதாவது ஒன்று இருந்தது.

ராசி என்று நாங்கள் சொன்னோமே, அது வெறும் மூளை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆனது. எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதியில் சம்பளம் என்பது அவனுக்குத் தெரியும். சம்பளத்துக்கு மறுநாள் பஸ்ஸில் துணிமூட்டையோடு அங்கே நிற்பான். கறை தெரியாத கரும்பச்சையும் மெரூனும் லயத்துப் பெண்களிடம் போகும், வெளிர் நிறம் போகாது என்று அவன் சொல்லித்தான் கொழும்பில் கொள்முதல் நடந்தது. பிறகு கொள்முதலுக்கும் அவனே போனான். விலையும் அவனே வைத்தான். அப்பா போன பிறகு நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

எழுபதுகளில் பிரஜை இல்லாதவன் பெயரில் கடைக்கு அனுமதிப் பத்திரம் எடுப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. என்னிடம் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டும், தற்காலிகமாக இருந்துகொள் என்கிற அனுமதியும். சன்னாசிக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அவன் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை, அவர் நாலாவது வாசலால் போய்விட்டார். நம்மில் பலர் செய்ததை நானும் செய்தேன். அனுமதிப் பத்திரத்தைச் சன்னாசியின் பெயருக்கு மாற்றினேன். பதினொரு வருடம் அரசாங்கக் கந்தோர்க் கடதாசிகளில் அவன்தான் முதலாளி. யாராவது விசாரிக்க வந்தால் அவன் கல்லாவில் உட்காருவான், நான் துணி மடிப்பேன். அவர்கள் போனதும் எழுந்து எனக்கு இடம் விடுவான். ஒரு நாள்கூட இரண்டு நிமிடம் தாமதித்து எழுந்ததில்லை.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடைவீதி எரிந்தபோது எங்கள் கடையும் எரிந்தது. அதே இடத்தில் கரியை வழித்துப் போட்டுவிட்டுத் தகரக் கொட்டகை அடித்தவனும் சன்னாசிதான். நான் அப்போது, போதும், இனி இந்த நாடு வேண்டாம் என்று கொழும்புக்கும் பதுளைக்கும் ரயில் கோச்சியில் அலைந்துகொண்டிருந்தேன்.

4

கொழும்பில் கனடா விசாவுக்கான நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டது ஒரு பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் செய்த முட்டாள்தனத்தை நம் கடைவீதி ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள்.

"காலையில் கடையை யார் திறப்பது?" என்றார்.

"சன்னாசி" என்றேன். பெருமையாகவே சொன்னேன். ராசியான கையுள்ள ஆளை வைத்திருக்கிறேன் என்பது நம்மிடையே முதலாளிக்குப் பெருமை அல்லவா?

"துணி வாங்குவது?"

"சன்னாசி."

"விலை வைப்பது?"

"அவனேதான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியானால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"நான் உட்கார்ந்திருப்பேன்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது தவறான பதில் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கல்லாவில் உட்காருவதுதானே முதலாளியின் வேலை? அப்பா உட்கார்ந்தார், நான் உட்கார்ந்தேன். பிறகு அவர் அனுமதிப் பத்திரத்தின் பிரதியை எடுத்துக் காட்டினார். அதில் சன்னாசியின் பெயர். கடை உங்களுடையதுதானா, நடத்தியது நீங்கள்தானா என்று கேட்டார். ஒரு மாதத்துக்குள் அத்தாட்சி கொண்டு வரச் சொன்னார்.

இலங்கையில் இருப்பதற்காகக் கடை என்னுடையது அல்ல என்று பதினொரு வருடம் காட்டிக்கொண்டிருந்தேன். விட்டுப் போவதற்கு அது என்னுடையதே என்று காட்ட வேண்டியிருந்தது. வியாபாரத் திறமை உள்ளவர்களைத்தான் அவர்கள் தேடினார்கள். திறமை உள்ளவன் அந்த நேரம் பதுளையில் தகரக் கொட்டகையில் துணி கிழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முதல் இல்லை, ஆகவே எந்த வாசலும் இல்லை.

5

கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு தரகர். விசாக் காரியங்களைப் பார்த்துக் கொடுக்கிறவர். இன்றைக்கும் உங்களில் சிலர் அவரைப் போன்றவர்களிடம்தான் போய் நிற்பீர்கள். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கு ஏன் கவலப்படுறீங்க? அந்த ஆள்கிட்ட ஒரு சத்தியக்கடதாசி வாங்கிருவோம். அவன் சும்மா மூட்ட தூக்குறவன், எழுதப் படிக்கத் தெரியாது, பேரு மட்டும்தான் அவனோடது, கடைல ஒரு உரிமையும் இல்லைன்னு. முடிஞ்சிது."

"அவனுக்கு நல்லா எழுதத் தெரியுங்க" என்றேன்.

"எழுதத் தெரிஞ்சவன்னா, சாமான் வாங்குனது அவன் இல்லைன்னு எப்படிங்க நம்புவாங்க? ஒங்களுக்குப் போகணுமா வேணாமா?"

எனக்குப் போக வேண்டியிருந்தது. சன்னாசியைக் கூட்டிக்கொண்டு காலைக் கோச்சியில் கொழும்புக்குப் போனேன். அவன் மனைவி எங்கள் இருவருக்கும் எலுமிச்சம் சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். தரகரின் கந்தோரில் ஆங்கிலத்தில் அடித்த கடதாசி தயாராக இருந்தது. அவனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான்தான் தமிழில் சொன்னேன். பெயர் மட்டும் உன்னுடையது, கடை என்னுடையது என்கிற வரியைச் சொன்னேன். மூட்டை தூக்குகிறவன் என்பதையும் எழுதத் தெரியாதவன் என்பதையும் விட்டுவிட்டேன்.

"சரிங்க மொதலாளி. உள்ளது தானே" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தான்.

தரகரின் ஆள் மைப்பெட்டியை முன்னால் தள்ளினார். சன்னாசி என்னைப் பார்த்தான்.

"எனக்கு ஒப்பம் வைக்கத் தெரியுமே, மொதலாளி?"

"தெரியும் சன்னாசி. வெளிநாட்டுக்குப் போற கடதாசிக்கு ரேகதான் வேணுமாம்."

அவன் வலது கையை நீட்டினான். இடது என்றார்கள். இடது பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்திக் கடதாசியில் உருட்டினார்கள். சமாதான நீதவான் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். சன்னாசி விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திரும்பப் பையில் குத்திக்கொண்டான். திரும்பும் வழியில் கோச்சியில் எனக்கு எலுமிச்சம் சாதம் இறங்கவில்லை. அவன்தான், "வயிறு சரியில்லையா மொதலாளி?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

இரண்டு மாதத்தில் விசா வந்தது.

6

புறப்படும் நாளில் கொட்டகைக்கு முன்னால் நின்று அவன் கையில் சாவியைக் கொடுத்தேன். "இனிமே இது ஒன்னோட கடை சன்னாசி. உம் பேர்லயே இருக்கு. நீயே நடத்து" என்றேன். சாவி எப்போதும் அவனிடம்தான் இருந்தது. அதை வாங்கித் திரும்பக் கொடுத்தேன், அவ்வளவுதான். தானம் செய்கிற முகத்தோடு கொடுத்தேன் என்பதை நினைத்தால் இப்போது என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

கடதாசிக் கட்டு முழுவதையும் விசாலத்தின் தம்பி தங்கவேலுவிடம் விட்டு வந்தேன். பண்டாரவளையில் இருந்த எங்கள் வீட்டு விற்பனையில் பாக்கி வேலைகள் இருந்தன. அதற்கு வேண்டிய பத்திரங்களோடு அந்தச் சத்தியக்கடதாசியின் பிரதியும் கட்டுக்குள் இருந்தது. ஒரு தீக்குச்சி போதுமாயிருந்தது. செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால் அதைத் திரும்பப் பார்க்க எனக்கு மனமில்லை.

7

மூன்று வாரத்துக்கு முன் சன்னாசியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கு பக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவன் எழுதிய நான்கு பக்கம், ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

எரிந்த கடைகளை அரசாங்கத்தில் நிரந்தரக் கட்டடமாகக் கட்டிக் கொடுக்கப் போகிறார்களாம். முன்பு யாருக்கு அனுமதி இருந்ததோ அவர்களுக்கே அறை. சன்னாசி தன் பெயரில் இருந்த பதினொரு வருடப் பத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். பின்னாலேயே தங்கவேலு அந்தச் சத்தியக்கடதாசிப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான், கடை எங்கள் அத்தானுடையது, அத்தான் வெளிநாட்டில், ஆகவே குடும்பத்தில் எனக்குத் தாருங்கள் என்று. கந்தோர்க்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடதாசி சொன்னதை அவர்கள் கேட்டார்கள். கொட்டகையை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

"அந்தக் கடதாசிய கந்தோர்ல ஒரு ஐயா தமிழ்ல சொன்னாங்க. நான் மூட்ட தூக்குறவன்னும் எழுத்து தெரியாதவன்னும் அதுல இருக்காம். நீங்க கொழும்புல வாசிச்சப்ப அந்த வரி இல்லையே மொதலாளி. அவசரத்துல விட்டிருப்பீங்க. பரவாயில்ல. கந்தோர்ல நான் ஒப்பம் வச்சுக் காட்டுனேன். இப்ப பழகியிருப்பேன்னு சொல்றாங்க. எனக்கு முந்தியே எழுதத் தெரியும்னு மட்டும் ஒரு கடதாசி அனுப்புவீங்களா? கடையப் பத்தி நான் கேக்கல. பிள்ளைகளுக்கு முன்னால கைநாட்டுன்னு சொல்லிட்டாங்க."

வாசித்துவிட்டு அன்றைக்கே தங்கவேலுவுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன வேலடா செஞ்சிருக்க?"

"அத்தான், நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. எடம் சும்மா கெடக்கவா?"

"சும்மாவா கெடந்துச்சு? சன்னாசி இருந்தானே!"

"அவன் யாரு அத்தான்? நம்ம கடை ஆளு. நீங்களே தான எழுதி வாங்கி வச்சிருக்கீங்க? பொய்யின்னா கனடாக்காரன்கிட்ட சொல்லுங்க பாப்போம்."

போனை வைத்துவிட்டேன். அவன் பேசியது அயோக்கியத்தனம். ஆனால் அவன் கையில் இருந்த கத்தியைத் தீட்டிக் கொடுத்தவன் நான்.

இரண்டு வாரம் சும்மா இருந்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதிகாரி வந்து போகட்டும், நிபந்தனை நீங்கட்டும், பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு எழுதினால் ஆட்சேப நாள் கடந்துவிடும் என்றும் தெரியும். தெரிந்துகொண்டே பால் அடுக்கினேன், லொத்தர் டிக்கட் விற்றேன். டோரீன் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது நலம் என்றேன்.

விசாலம் ஒரே பிடியாக நின்றாள். "அவன் எந்தம்பிங்க. இத எழுதிக் குடுத்தா நம்ம மூணு பேரயும் பிளேன்ல ஏத்திருவாங்க. பிள்ளை படிப்பு என்னாகும்?"

அவள் பயம் பொய்யல்ல. நளினி அப்போது சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். நான்கு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சில சொற்களை அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள். கைநாட்டு என்றால் என்ன என்று கேட்டபோது விசாலம் எழுந்து போய்விட்டாள். நான்தான் சொன்னேன்.

"இவர்தானே தீபாவளிக்கு எனக்குப் பாவாடைத் துணி கிழிச்சுத் தர்றவரு?" என்றாள் நளினி. "இவ்வளவு அழகா எழுதுறாரு. என் எழுத்தப் பாருங்க, எவ்வளவு கேவலமா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தட்டச்சு இயந்திரத்தை எடுத்து வைத்து, "சொல்லுங்கப்பா, நான் இங்கிலீஷ்ல அடிக்கிறேன்" என்றாள். நான் சொன்னேன். விசாலம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தபால் செலவுக்கு இது போதுமா என்று கேட்டுப் பணத்தை மேசையில் வைத்தாள்.

8

கடதாசியை இங்கே ஒரு நொத்தாரிசு வழக்கறிஞர் முன் கையெழுத்து வைத்துப் பதிவுத் தபாலில் சன்னாசிக்கு அனுப்பிவிட்டேன். ஒரு பிரதி என் கடை மேசையில், இந்தக் கடையின் அனுமதிப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் வரும் அதிகாரியிடம் முதலில் அதைத்தான் நீட்டப் போகிறேன். பிறகு அவர் பாடு.

கடதாசிகள் மேசைக்கு மேசை போகும்போது தொலையும், தொலைக்கவும்படும். பத்திரிகை அப்படித் தொலையாது. பதுளையில் சலூன் பெஞ்சிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஒரு மாதம் கிடக்கும், கைநாட்டு என்று சொன்ன வாய்களும் வாசிக்கும். ஆகவேதான் இதை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர் தயவுசெய்து பெயர்களை மாற்ற வேண்டாம். தங்கவேலு, நீயும் வாசி. விசா கேட்டு எழுதியவர்களே, நான் எடுத்த வழி இதுதான். இனி எனக்கு எழுத வேண்டாம்.

பதுளைக் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்த சுப்பையா மகன் சிவலிங்கம் ஆகிய நான், ஓர் இந்துவாக, பயபக்தியுடனும் உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதி கூறுவதாவது: கொழும்பில் என் முன்னிலையில் எடுத்த கைரேகைக் கடதாசி பொய். பொய்யை எழுதுவித்தவன் நான், வாசிக்காமல் மறைத்தவனும் நான். சன்னாசிக்கு எழுதத் தெரியும், நான் அவனைக் கண்ட முதல் நாளிலிருந்தே தெரியும். பதுளைக் கடையை அவனுக்கு விட்டுவிட்டேன், அதில் எனக்கோ என் குடும்பத்தில் வேறு எவருக்குமோ இனி ஒன்றுமில்லை. அந்தக் கடைக்குத் துணி வாங்கியவன் அவன். விலை வைத்தவன் அவன். இருபது வருடம் காலையில் கதவைத் திறந்தவன் அவன்.

நான் உட்கார்ந்திருந்தேன்.